மடக்குக் கத்தியின் விலை – கடிதம்

அன்புள்ள ஐயா,

டெக்ஸஸில் மென்பொருள் துறையில் பணிபுரிகிறேன். சென்ற ஆண்டு பல மாதங்கள் யோசித்து, 450 டாலருக்கு மேல் கொடுத்து, கிறிஸ் ரீவ் நிறுவனத்தின் செபென்ஸா மடக்குக் கத்தி ஒன்றை வாங்கினேன். கத்திப் பித்துள்ள என் நண்பர்களில் சிலர், இருபது டாலர் கத்தி செய்யாத எதை இது செய்துவிடப் போகிறது, விளம்பரத்துக்குப் பலியாகிவிட்டாய் என்கிறார்கள். வேறு சிலர், இதைக் கொண்டு எதையும் அறுத்துவிடாதே, மறுவிற்பனை மதிப்பு போய்விடும் என்கிறார்கள். இதுவரை கடித உறைகளை மட்டுமே பிரித்திருக்கிறேன். நான் ஏமாந்துவிட்டேனா? விற்றுவிடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

செபென்ஸா என்பது ஜூலு மொழியில் வேலையைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த பெயர். தென்னாப்பிரிக்காவில் கத்தி செய்யத் தொடங்கி, 1989இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துக்குக் குடிபெயர்ந்த கிறிஸ் ரீவ், உழைப்பதற்கென்றே தான் வடிவமைத்த கத்திக்கு அந்தப் பெயரைச் சூட்டினார். வேலை என்றே பெயர் பெற்ற கத்தி வேலைக்குப் போனால் மதிப்பிழந்துவிடும் என்று உங்கள் நண்பர் அஞ்சுகிறார். இப்படிப் பெட்டகத்திலேயே ஆயுளைக் கழிக்கும் கத்திகளை 'பெட்டக ராணி' என்று அமெரிக்கக் கத்திப் பிரியர்களே கேலி செய்வதுண்டு. கேலி செய்பவர்களின் பெட்டகங்களிலும் இரண்டு மூன்று ராணிகள் இருக்கக்கூடும்.

அந்தக் கத்தி வெறும் விளம்பரத்தால் பெயர் பெற்றது என்று சொல்வது நியாயமாகாது. டைட்டானியப் பிடியின் ஒரு பக்கத்தையே கீறி வளைத்து, அலகு விரிந்ததும் அதன் பின்னால் வந்து முட்டுக்கொடுக்கும் பூட்டாக மாற்றியது ரீவின் ஆக்கம். இன்று கத்தி உலகம் முழுவதும் அதைப் பின்பற்றுகிறது. அலகு ஆட்டமின்றி, உரசலின்றித் திறந்து மூடும்படி பாகங்களை நுண்ணளவில் கடைந்து பொருத்துவதற்கு நேரமும் கூலியும் உண்மையிலேயே செலவாகின்றன. ஆனால் சீனாவின் யாங்ஜியாங் நகரத்துப் பட்டறைகள் அதே வகை டைட்டானியத்தையும் அதே தரத்து எஃகையும் கொண்டு, ஏறத்தாழ அதே நேர்த்தியுடன், பாதி விலைக்கும் குறைவாகச் செய்யத் தொடங்கிய பிறகு, மிச்சமுள்ள விலை எதற்கு என்ற கேள்வி கூர்மையாகிவிட்டது. என் கணிப்பில் அதில் ஒரு பங்கு அமெரிக்கக் கூலி. மறுபங்கு, வைத்திருப்பதில் உள்ள இன்பம். அந்த இன்பத்துக்குக் காசு கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அதைத் தேவை என்று சொல்லி விற்பதில்தான் ஆட்சேபம்.

அறுப்பதை மட்டும் வைத்துப் பார்த்தால் இருபது டாலர்க்காரர் சொல்வதில் பெரும்பகுதி சரி. பிரான்சின் சவோய் பகுதியில் 1890இல் ஜோசஃப் ஓப்பினெல் தொடங்கிவைத்த கத்தியின் எட்டாம் எண் வடிவம் பல ஆண்டுகளாக என் சமையலறையில் இருக்கிறது. அதன் அலகின் முதுகுத் தடிமன் இரண்டு மில்லிமீட்டர்கூட இராது. உங்களுடையது மூன்றுக்கு மேல். மெல்லிய அலகு ஆப்பிளுக்குள் நழுவிச் செல்லும். தடித்த அலகு ஓரளவு உள்ளே போனதும் ஆப்பு அடித்ததைப் போலப் பழத்தைப் பிளக்கும். இதை எந்த உயர்ந்த எஃகாலும் மாற்ற முடியாது. ஓப்பினெலிலும் குறை உண்டு: கரிம எஃகு எலுமிச்சை பட்டால் கறுத்துவிடும், ஈரம் ஏறினால் மரப்பிடி உப்பி அலகைத் திறக்க நகம் நோகும்.

விற்பனைக்காரர்கள் முதுகின் தடிமனைப் பற்றிப் பேசுவதில்லை, பேசினாலும் அதை வலிமை என்றே பேசுகிறார்கள். அவர்கள் உரக்கச் சொல்வது எஃகின் பெயரைத்தான். குரூசிபிள் என்ற எஃகு நிறுவனம் ரீவின் ஆலோசனையோடு 2001இல் கொண்டுவந்த எஸ்30வி, பிறகு எஸ்35விஎன், எஸ்45விஎன், மேக்னாகட் என்று உங்கள் செபென்ஸாவே கைபேசியைப் போல எஃகை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது. முன்னேற்றம் பொய்யில்லை, உலோகவியலாளர் லாரின் தாமஸ் உருவாக்கிய மேக்னாகட், துருவை எதிர்ப்பதையும் எளிதில் உடையாத உறுதியையும் நன்றாகவே இணைத்திருக்கிறது. ஆயினும் எஃகைச் சூடேற்றிப் பதமிடும் பக்குவம் தவறினால் எந்தப் பெயரும் உதவாது. மலிவான எஃகு என்று இகழப்படும் 420ஹெச்சி, பக் என்ற அமெரிக்கக் கத்தி நிறுவனத்துக்காக எஃகைப் பதமிடும் நிபுணர் பால் பாஸ் வகுத்த பதத்தில் பல்லாண்டுகளாக வேட்டைக்காரர்களின் இடுப்பில் உழைத்திருக்கிறது. பக்குவத்தைப் படம் பிடித்து விளம்பரப்படுத்த முடியாது. பெயரை அலகிலேயே பொறித்துவிடலாம்.

இந்தப் பெயர் மோகத்தின் உச்சம் 'டமாஸ்கஸ்' அலகுகள். நெளிகோடுகளுக்காகக் கூடுதலாக நூறு, இருநூறு டாலர் கேட்கிறார்கள். பழைய டமாஸ்கஸ் வாள்களோடு சேர்த்துப் பேசப்படும் உருக்கு, தென்னிந்தியாவில் மூசை எனப்படும் மண்கலங்களில் உருக்கி எடுக்கப்பட்டது. தமிழகத்தின் மேல்சிறுவலூரிலும் அந்தத் தொழிலின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. இன்று அந்தப் பெயரில் விற்பதோ பெரும்பாலும் இருவகை எஃகை அடுக்கி ஒட்டவைத்து, அமிலத்தில் நனைத்துக் கோடு எழுப்பியது. அழகுதான்; வேறு பொருள்.

நீங்கள் ஏமாறவில்லை; ஆனால் வாங்கியதை இன்னும் அனுபவிக்கத் தொடங்கவில்லை. ஒரு மாதம் அதைச் சட்டைப்பையில் வைத்து அட்டைப்பெட்டி, கயிறு, பழம் என்று எல்லாவற்றுக்கும் பயன்படுத்துங்கள். மழுங்கினால் நீங்களே சாணைக்கல்லில் தீட்டுங்கள். அதன் பிறகும் விற்கத் தோன்றினால் விற்றுவிடலாம். அதுவரை அது வந்த பெட்டியையும் உள்ளிருந்த சீட்டையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். வாங்க வருபவர் அலகைப் பார்ப்பதற்கு முன்பே அவற்றைத்தான் கேட்பார்.