ரப்பர் ஹோஸா, ஸ்டீல் பின்னல் ஹோஸா? மலை இறங்குகிறவர்கள் கேட்ட கேள்விகள்

கோவையில் கார் பட்டறை வைத்து 26 வருஷம் ஆகிறது. நம் கொங்கு நாட்டில் எந்தப் பக்கம் போனாலும் ஒரு மலைப்பாதை வந்துவிடும்: குன்னூர், கோத்தகிரி, வால்பாறை, திம்பம், ஏற்காடு, கொல்லிமலை. அதனால் பட்டறையில் பிரேக் வேலைக்குக் குறைவே இல்லை. காரின் பிரேக் ஹோஸ் (பிரேக் ஆயிலைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் வளையும் குழாய்) பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இதோ.

பொள்ளாச்சி: அண்ணா, என் ஸ்விஃப்ட்டுக்கு 9 வருஷம் ஆச்சுங்க. மாசம் ரெண்டு தடவை வால்பாறை போய் வருகிறேன். ஸ்டீல் ஹோஸ் போட்டால் வண்டி சட்டென்று நிற்கும் என்கிறார்கள். நிஜமா?

இல்லை தம்பி. வண்டியை நிறுத்துவது கடைசியில் டயருக்கும் ரோட்டுக்கும் உள்ள பிடிமானம்தான். ஓங்கி மிதித்தால் இப்போதே ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) வேலை செய்கிறது என்றால், டயர் தாங்குகிற அளவுக்கு உங்கள் பிரேக் ஏற்கெனவே கொடுத்துவிட்டது. ஹோஸை மாற்றி அதற்கு மேல் வாங்க முடியாது.

மாறுவது பெடல்தான். ரப்பர் ஹோஸில் உள்ளே ஈபிடிஎம் ரப்பர் குழாய், அதன் மேல் நூல் பின்னல் இரண்டு அடுக்கு, வெளியே மறுபடி ரப்பர். ஸ்டீல் ஹோஸில் உள்ளே டெஃப்லான் குழாய், மேலே ஸ்டெயின்லெஸ் கம்பிப் பின்னல், அதற்கு மேல் பிளாஸ்டிக் உறை. கார் டயரில் இருக்கும் காற்று 32 பிஎஸ்ஐ. பலமாக பிரேக் பிடிக்கும்போது ஹோஸுக்குள் 1000 பிஎஸ்ஐ தாண்டும். அந்த அழுத்தத்தில் ரப்பர் கொஞ்சம் ஊதும். ஊதிய இடத்தை நிரப்பப் போன ஆயில், டிஸ்க்கைப் பிடிக்கும் கவ்வியான காலிப்பரைத் தள்ளாது, அதனால் கால் சற்று கூடுதலாக உள்ளே போகும். ஆனால் புது ரப்பர் ஹோஸில் இது மிகக் குறைவு. அமெரிக்கத் தரமான எஃப்எம்விஎஸ்எஸ் 106 சொல்கிற கணக்கில், 1/8 அங்குல ஹோஸ் ஒரு அடி நீளத்துக்கு 1000 பிஎஸ்ஐயில் 0.66 மில்லிக்கு மேல் ஊதக்கூடாது.

பழைய ரப்பர் இதைவிட அதிகம் ஊதும். 9 வருஷ ஹோஸைக் கழற்றிவிட்டு ஸ்டீல் போட்டவர், 'பெடல் கல்லு மாதிரி ஆயிடுச்சு' என்று சந்தோஷப்படுவார். கம்பெனி ரப்பர் ஹோஸைப் புதிதாகப் போட்டு, ஆயிலையும் மாற்றியிருந்தால் அந்தச் சந்தோஷத்தில் பெரும்பகுதி அதிலேயே கிடைத்திருக்கும். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். 9 வருஷம் ஓடிய ஹோஸோடு ஆழியாரிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்குவதை இந்த மாசத்தோடு நிறுத்துங்கள்.

மேட்டுப்பாளையம்: குன்னூரிலிருந்து இறங்கும்போது பெடல் தரை வரைக்கும் போய்விட்டதுங்க. கல்லாறு பக்கம் அரை மணி நேரம் நிறுத்தின பிறகு சரியாகிவிட்டது. ஸ்டீல் ஹோஸ் போட்டால் தீருமா?

தீராது. நீங்கள் குடும்பத்தோடு இறங்கியிருப்பீர்கள் என்று நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. கொதித்தது உங்கள் பிரேக் ஆயில். ஆயில் கொதித்தால் ஆவிக் குமிழி வரும். ஆயிலை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். அதனால்தான் கால் வெறுமனே உள்ளே போனது. ஆறியதும் ஆவி மறுபடி ஆயிலாகிவிடும், பெடலும் திரும்பிவிடும். ஆனால் நோய் அப்படியே இருக்கும்.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் தன்மை உள்ளது. டாட் 3, டாட் 4 என்பவை பிரேக் ஆயிலின் தரங்கள். புது டாட் 4 ஆயில் கொதிக்க குறைந்தது 230 டிகிரி வேண்டும், ஈரம் ஏறினால் 155 டிகிரியே போதும். டாட் 3க்கு அதே கணக்கு 205, 140. ரப்பர் ஹோஸின் சுவர் வழியாகவும் மெல்ல மெல்ல ஈரம் ஏறும், டெஃப்லானில் அது குறைவு என்பது உண்மை. அதை நம்பி ஆயில் மாற்றாமல் இருக்க முடியாது. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மொத்த ஆயிலையும் மாற்றிவிடுங்கள்.

அப்புறம், இறங்கும்போது இரண்டாம் கியர். பிரேக்கைத் தொட்டுக்கொண்டே வராமல், வளைவுக்கு முன்னால் நன்றாக ஒரு பிடி பிடித்து விட்டுவிடுங்கள். டிஸ்க்குக்கு ஆற நேரம் கிடைக்கும்.

ஈரோடு: முன்பக்க இடது சக்கரம் மட்டும் சூடாகிறது. காலிப்பர் மாற்றியும் அப்படியேதான் இருக்கிறது. வெளியே பார்த்தால் ஹோஸ் புதுசு மாதிரி இருக்குதுங்க.

வெளியே புதுசு மாதிரிதான் இருக்கும், உள்ளே குழாய் வீங்கியிருக்கலாம். அல்லது உள்சுவரில் ஒரு சதை கிழிந்து வால்வு மாதிரி தொங்கிக்கொண்டிருக்கலாம். மிதிக்கும்போது இருக்கிற பலத்தில் ஆயில் போய்விடும், காலை எடுத்தால் திரும்பி வர முடியாமல் நின்றுகொள்ளும். சக்கரம் பிடித்த பிடியிலேயே இருக்கும்.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. வண்டியை ஜாக்கியில் ஏற்றி, நன்றாக மிதித்துவிட்டுச் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். சுற்றவில்லை என்றால், ஹோஸ் மேலே ஸ்டீல் பைப்போடு சேரும் நட்டை லேசாகத் தளர்த்துங்கள். அப்போதும் சக்கரம் விடாமல், காலிப்பரில் உள்ள பிளீடர் நிப்பிளை (ஏர் எடுக்கும் சின்னத் திருகு) திறந்தவுடன் விட்டால் குற்றம் ஹோஸில்தான். மேலே தளர்த்தும்போதே விட்டால் மாஸ்டர் சிலிண்டர் (பெடல் மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் பம்ப்) பக்கம் பாருங்கள். இரண்டிலும் விடவில்லை என்றால் காலிப்பர் பிஸ்டனோ, காலிப்பர் நகரும் ஸ்லைடு பின்னோ இறுகியிருக்கிறது. சோதனை முடிந்ததும் நட்டை இறுக்கி, ஆயிலில் புகுந்த ஏரை வெளியே எடுத்த பிறகுதான் வண்டியை ரோட்டில் எடுக்க வேண்டும்.

பிரேக் பேட் மாற்றும்போது காலிப்பரை ஹோஸில் தொங்கவிடுவதும், ஆயில் ஒழுகாமல் இருக்க ஹோஸைப் பிளையரால் நெரிப்பதும்தான் பல ஹோஸ்களை இப்படிக் கெடுக்கிறது. என் பட்டறையில் புதிதாகச் சேரும் பையனுக்கு முதல் நாளே ஒரு கம்பிக் கொக்கியைக் கொடுத்து, காலிப்பரை இதில்தான் மாட்ட வேண்டும் என்று சொல்லிவிடுவேன்.

திருச்செங்கோடு: எங்க போர்வெல் ரிக் வண்டிக்கு ஹைட்ராலிக் ஹோஸ் வெட்டி, முனையை அழுத்திப் பொருத்தி (கிரிம்ப் பண்ணி) தருகிற கடை இருக்குதுங்க. 3000 பிஎஸ்ஐ தாங்கும் ஹோஸ். கார் பிரேக்குக்கும் அங்கேயே செய்துகொள்ளலாமா?

தயவுசெய்து வேண்டாம். நல்ல கேள்வி, கேட்காமலேயே செய்கிறவர்கள் உண்டு. ரிக்கில் ஓடுவது மினரல் ஆயில். அந்த ஹோஸின் உள் ரப்பர் பொதுவாக நைட்ரைல். பிரேக் ஆயில் கிளைகால் வகை, அது நைட்ரைலை வீங்க வைத்துக் கெடுக்கும். பிரேக்குக்கு உரிய ஈபிடிஎம் இதற்கு நேர் எதிர்: கிளைகாலைத் தாங்கும், மினரல் ஆயில் பட்டால் ஊதிப்போகும். மாஸ்டர் சிலிண்டர் டப்பாவில் ஒரு மூடி எஞ்சின் ஆயிலைத் தெரியாமல் ஊற்றினால்கூட, சீல், ஹோஸ் எல்லாமே மாற்ற வேண்டி வருவது இதனால்தான்.

அழுத்தம் தாங்கினால் மட்டும் போதாது. சக்கரத்தோடு சேர்ந்து மேலும் கீழும், ஸ்டியரிங்கோடு இடமும் வலமும் ஆடிக்கொண்டே தாங்க வேண்டும். எஃப்எம்விஎஸ்எஸ் 106இல் ஹோஸை 35 மணி நேரம் சுழற்றிச் சுழற்றி ஆட்டுகிற சோதனையே இருக்கிறது. ஹோஸ் மேல் எஸ்ஏஇ ஜே1401 அல்லது நம் ஐஎஸ் 7079 என்ற தரக் குறி அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். எந்த எழுத்தும் இல்லாத ஹோஸ், ரப்பரானாலும் ஸ்டீலானாலும், எனக்கு வேண்டாம்.

கோபி: ஸ்டீல் ஹோஸ் ஒரு தடவை போட்டால் ஆயுசுக்கும் இருக்கும்தானே?

நானும் அப்படி நம்பியவன்தான். என் சொந்தக் காருக்கு ஸ்டீல் ஹோஸ் மாட்டினேன். வண்டி ஜாக்கியில் நிற்கும்போது ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன், எங்கும் படவில்லை. சக்கரத்தில் பாரம் இறங்கியபோது என்ன ஆகும் என்று பார்க்கவில்லை. நாலு மாசம் கழித்து டயர் மாற்றக் கழற்றினால், டயரின் உள்பக்கம் உரசி பிளாஸ்டிக் உறை போய்க் கம்பி பளபளவென்று தெரிந்தது. இடையில் இரண்டு தடவை திம்பம் போய் 27 வளைவும் இறங்கி வந்திருக்கிறேன். பின் சீட்டில் என் அம்மா இருந்தார்கள். அன்றைக்கே கழற்றிவிட்டேன்.

ஸ்டீல் ஹோஸில் இதுதான் கவலை. ரப்பர் பழசானால் வெடிப்பு, வீக்கம், கசிவு என்று பெரும்பாலும் வெளியே ஏதாவது காட்டும். கம்பிப் பின்னல் உள்ளே இருப்பதை மறைத்துவிடும். டெஃப்லான் குழாய் கூர்மையாக மடங்கினால் நெளிந்தது நெளிந்ததுதான், திரும்ப நிமிராது. உறை கிழிந்தால் மண் பின்னலுக்குள் புகுந்து அரைக்கும். முனையில் கிரிம்ப் பண்ணிய இடத்தில்தான் கம்பி முதலில் அறும். கோழிப்பண்ணை, தோட்டம் என்று மண் ரோட்டில் தினமும் போகிற வண்டிக்கு நான் ரப்பரைத்தான் போடுவேன்.

சூலூர்: செட்டிப்பாளையம் கரி ரேஸ் டிராக்கில் ஓட்டுகிறேன். எனக்கு?

உங்களுக்கு ஸ்டீல். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில், ஒரே அளவில் பிரேக் பிடிக்க வேண்டியவருக்குப் பெடல் மாறாமல் இருப்பது பெரிய உதவி. உங்கள் வண்டி மாடலுக்கென்றே நீளம் அளந்து செய்த செட்டாக வாங்குங்கள். நாலு சக்கரத்துக்கும் சேர்த்து மாற்றுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னாலும் விரலால் தடவிப் பாருங்கள்.

கரூர்: ஏபிஎஸ் இருக்கும் வண்டியில் ஸ்டீல் போடலாமா?

போடலாம், ஏபிஎஸ்ஸுக்கு அதனால் கெடுதல் இல்லை. ஆனால் ஏபிஎஸ் பிளாக்குக்குள் ஏர் புகுந்துவிட்டால் சில வண்டிகளில் ஸ்கேனர் போட்டுத்தான் எடுக்க முடியும். டப்பாவில் ஆயில் வற்றாமல் பார்த்துக்கொண்டு வேலை செய்யச் சொல்லுங்கள்.

திருப்பூர்: அண்ணா, நான் ஸ்கூலுக்கு ஓட்டுகிற சின்ன கார்தான். மெக்கானிக் சொல்வது சரியா என்று நானே எப்படிப் பார்ப்பது?

அம்மணி, ஸ்டியரிங்கை முழுக்க ஒரு பக்கம் திருப்பி வண்டியை நிறுத்துங்கள். முன் சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்தால் ஹோஸ் தெரியும். அந்த வளைவில் கீறல் மாதிரி சின்ன வெடிப்பு, முனையில் ஈரம், எங்காவது உரசிய தடம், நடுவில் புடைப்பு, இதில் ஒன்று இருந்தாலும் மாற்ற வேண்டும். அடுத்த பக்கத்துக்கும் திருப்பி அதே மாதிரி பாருங்கள். பின்பக்கம் பார்க்க வண்டியை லிஃப்டில் ஏற்ற வேண்டும், சர்வீஸ் விடும்போது கூடவே நின்று காட்டச் சொல்லுங்கள்.

மாற்றினால் இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, காலிப்பரில் ஹோஸை இறுக்கும் போல்ட்டில், ஹோஸ் முனையின் இரண்டு பக்கமும் புது காப்பர் வாஷர் போட்டார்களா. இரண்டு, வண்டியைத் தரையில் இறக்கி, ஆள் உட்கார்ந்து, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் திருப்பி ஹோஸ் எங்கும் படவில்லை என்று பார்த்தார்களா.