இருளர் பிள்ளைக்கு இறகுத் தொப்பியா?

வணக்கம் சகோ. ஆனைகட்டியில உங்க மக வகுப்புல நிறைய இருளர் பிள்ளைங்க, நீங்க வாங்கின 'பழங்குடியினர்' படப்புத்தகத்துலயோ எல்லாரும் இறகுத் தொப்பியும் ஈட்டியுமா நிக்கிறாங்க, வேற என்ன வாங்கலாம்னு கேட்டிருந்தீங்க.

நான் பக்கத்துல கோட்டத்தறை. வாங்குமுன் ஒரு பக்கம் வாசிங்க. ஆளுக்குப் பேர் இருக்கா? 'வாழ்ந்தனர்'னு இருந்தா அங்கேயே வச்சிடுங்க. வாழ்ந்து முடிஞ்சவங்க பிள்ளையா உங்க மக பக்கத்துல உட்கார்ந்திருக்கு?

படத்துக்குன்னா சென்னை தாரா புக்ஸ். மத்திய இந்தியாவோட கோண்டு பழங்குடி ஓவியர்களையே வரைய வச்சுப் போடறாங்க, விலைதான் கடிக்கும். இலவசமா வேணும்னா பிரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர் இணையதளம். தமிழ், மலையாளம் ரெண்டும் கிடைக்கும்.

நம்ம பக்கத்துக்குன்னா நஞ்சம்மா பாட்டைப் போட்டுக் காட்டுங்க. அட்டப்பாடி இருளர், 2020ஆம் ஆண்டுக்கான தேசிய விருது வாங்கின பாடகி. அப்புறம் தோழியோட பாட்டிகிட்ட கேட்டு, ராகி, சாமை, துவரைக்கு அவங்க பேச்சுல என்ன பேர்னு நோட்டுல எழுதி வரையச் சொல்லுங்க. என் பையன் செஞ்சான். துவரையைக் கொடியா வரைஞ்சு வச்சிருந்தான். பாட்டி பென்சிலைப் பிடுங்கி அவங்களே செடியா வரைஞ்சுட்டாங்க. அந்த நோட்டு இன்னும் இருக்கு.