கடல்ல மிதக்குற மெஷினுக்கும் ஆள் வேணும்ண்ணே

அண்ணே, நேத்து போன்ல சரியா பேச முடியல, அதான் டைப் பண்றேன். உங்க பையனை மெரைன் இன்ஜினியரிங்ல சேக்கலாமான்னு கேட்டீங்கல்ல, அது கப்பல் இன்ஜின் பாக்குற வேலை, அவன் கேக்குறது அது இல்லவே இல்ல. அவன் வீடியோல காட்டினது ஆர்கோ மிதவை, அதாவது தானா கடலை அளக்குற மெஷின், உலகம் பூரா கடல்ல கிட்டத்தட்ட 4000 ஓடுது, 1000 மீட்டர் ஆழத்துல சும்மா மிதந்து போகும், 10 நாளைக்கு ஒருக்க 2000 மீட்டர் இறங்கி, உள்ள இருக்குற எண்ணெயை வெளிப்பக்கம் இருக்குற பைக்குத் தள்ளி மேல வந்து, வர்ற வழியெல்லாம் சூடு, உப்பு எல்லாம் அளந்து சாட்டிலைட்டுக்கு அனுப்பிடும். சிலதுல ஆக்சிஜன், நைட்ரேட், பிஎச், குளோரோபில்னு கூடுதல் சென்சார் இருக்கும். நம்ம நாட்டுல இந்த டேட்டாவைப் பாக்குறது ஹைதராபாத்ல இருக்குற இன்காய்ஸ்ங்குற மத்திய அரசு கடல் தகவல் மையம். நங்கூரம் போட்டு நிக்குற பெரிய மிதவைங்கள பாத்துக்கிறது நம்ம சென்னை பள்ளிக்கரணைல இருக்குற என்ஐஓடி, அதாவது தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம்.

"மெஷினே எல்லாம் பண்ணிட்டா என் பையனுக்கு என்ன வேலை"ன்னு கேட்டீங்கல்ல, நல்ல கேள்வி. கரையோரமா கட்டி வச்ச சென்சார் கொஞ்ச நாள்லயே பாசி புடிச்சு வழுவழுன்னு ஆயிடும், அப்புறம் கொட்டலசுன்னு ஓடு உள்ள சின்ன உயிரி ஒட்டும், அதுக்குத்தான் செம்பு கவசம், குட்டி வைப்பர்லாம் மாட்றாங்க, இருந்தாலும் ஆக்சிஜன் நம்பர் மெல்ல மெல்ல கீழ இறங்கும். இப்ப கடல்ல நெஜமாவே ஆக்சிஜன் கொறஞ்சு மீனுக்கு ஆபத்தா, இல்ல சென்சார்ல அழுக்கா? பகல்ல பாசி ஆக்சிஜன் விடும், ராத்திரி இழுத்துக்கும், அந்த ஏத்த எறக்கம் தெரிஞ்சவன்தான் கிராஃபைப் பாத்துட்டு இது அழுக்குன்னு சொல்லுவான். மிதவையடியில மீன் சேருதுன்னு படகைக் கொண்டாந்து கட்டி வயரு அறுந்து போறதும் உண்டு (மீனவங்களைக் குத்தம் சொல்லல, மீன் இருக்குற எடத்துக்குத்தான போவாங்க), அதையும் போய் சரி பண்ண ஆள் வேணும்.

அதனால பேர்ல மட்டும் மெரைன் இருக்குற கோர்ஸுக்கு லட்சக்கணக்குல கட்டாதீங்க. ஈசிஇ (எலக்ட்ரானிக்ஸ்), இல்லன்னா இன்ஸ்ட்ருமென்டேஷன் (அளவுக் கருவி படிப்பு) படிக்கட்டும், கூடவே பைத்தான் புரோகிராமிங், அப்புறம் எம்.டெக் சேர்றதுக்கான கேட் பரீட்சை எழுதி ஐஐடி மெட்ராஸ் ஓஷன் இன்ஜினியரிங் மாதிரி போகலாம். உயிரினம்தான் புடிக்கும்னா பரங்கிப்பேட்டைல அண்ணாமலை யுனிவர்சிட்டியோட கடல் உயிரியல் மையம் இருக்கு. ஒண்ணு ஒளிக்காம சொல்றேன், அரசு நிறுவனத்துல ஆரம்பத்துல பெரும்பாலும் காண்ட்ராக்ட் போஸ்ட்தான், நாலஞ்சு வருஷம் பொறுமை வேணும், ஆனா ஈசிஇ கையில இருந்தா வேற பக்கம் தாவிக்கலாம்.

இப்போதைக்கு சென்சார் மாட்டி புரோகிராம் பண்ற ஒரு ஆர்டுயினோ போர்டும் தண்ணி புகாத டெம்பரேச்சர் சென்சரும் வாங்கிக் குடுங்க, மொட்டை மாடி டேங்க்ல ஒரு வாரம் போட்டு மணிக்கு ஒரு ரீடிங் எடுக்கட்டும். அந்த நம்பரோட ஞாயித்துக்கெழம கூட்டிட்டு வாங்க, உக்காந்து காலேஜ் சாய்ஸ் லிஸ்ட் போட்டுடலாம்.