பழைய சினிமா ஆபரேட்டர் பதில்கள்: வெரைட்டி ஹால்

கே: தென்னிந்தியாவின் முதல் சினிமா தியேட்டர் கோவை வெரைட்டி ஹால்தான் என்கிறார் என் மாமனார். சென்னைக்காரரான என் கணவர் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார். யார் சொல்வது சரி?
— எஸ். மாலதி, சூலூர்

ப: தேதிக் கணக்கில் உங்கள் கணவர் சொல்வதுதான் சரி, அம்மா. வெரைட்டி ஹால் எழுந்தது 1914இல். அதற்கு முந்தின வருஷமே சென்னை மவுண்ட் ரோட்டில் எலெக்ட்ரிக் தியேட்டர் வந்துவிட்டது. அந்தக் கட்டடம் இன்றும் அண்ணா சாலை தபால் நிலைய வளாகத்தில் நிற்கிறது.

ஆனாலும் மாமனாரின் பெருமையை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சென்னை, மாகாணத்துக்கே தலைநகர். எலெக்ட்ரிக் தியேட்டரைக் கட்டியவர் வெள்ளைக்காரர். கோவையில் 1911 கணக்கெடுப்பின்போது ஐம்பதாயிரம் பேர்கூட இல்லை. அந்தச் சின்ன ஊரில் நிரந்தரக் கொட்டகை கட்டியவர் உள்ளூர்க்காரரான சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்தவர். 1905இல் டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரர் ஊர் ஊராகப் படம் காட்டிக்கொண்டு திருச்சிக்கு வந்து, உடம்பு முடியாமல் ஊர் திரும்ப நினைத்தார். அவருடைய புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு வாங்கி, வேலையை விட்டுவிட்டுக் கிளம்பினார் வின்சென்ட். லாகூர், பெஷாவர், ரங்கூன் வரை கூடாரம் போட்டுப் படம் காட்டினார்.

அந்தக் கால ஃபிலிம் நைட்ரேட். பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றினாலும் அணையாது. துணிக் கூடாரத்துக்குள் அதை வைத்துக்கொண்டு ஊர் சுற்றியவரின் துணிச்சலை என்னவென்பது!

பிற்பாடு டிலைட் என்று பெயர் மாறிய வெரைட்டி ஹாலை இப்போது இடித்துவிட்டார்கள். நூறு வருஷம் தாண்டிய கட்டடம். காப்பாற்றியிருக்க வேண்டும் என்று இன்றும் மனசு அடித்துக்கொள்கிறது.

கே: அந்தக் காலத்தில் கோவையில் கரண்ட் ஏது? படம் எப்படி ஓட்டினார்கள்?
— கே. சண்முகம், அன்னூர்

ப: சொந்த ஜெனரேட்டர்தான். நீலகிரியிலிருந்து பைக்காரா நீர்மின்சாரம் வந்ததே 1930களில். வின்சென்ட் தியேட்டரோடு நிற்கவில்லை. மாவு மில், அச்சகம் என்று மின்சாரத்தில் ஓடும் தொழில்களையும் தொடங்கினார்.

நான் வேலை பார்த்தது கார்பன் மெஷினில், அதாவது கார்பன் குச்சி எரிந்து வெளிச்சம் தரும் புரொஜெக்டரில். செம்பு முலாம் பூசிய இரண்டு குச்சிகள். நுனிக்கு நுனி கண்ணைப் பறிக்கும் வெளிச்சம். எரிய எரிய இடைவெளி கூடும். கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்து, குமிழைத் திருகிக் குச்சிகளை நெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் திரை மங்கும், தரை டிக்கெட்டில் விசில் பறக்கும். எனக்காவது மெஷினைச் சுற்ற மோட்டார் இருந்தது. மௌனப் பட நாட்களில் பெரும்பாலும் கையால்தான் சுற்றினார்கள். கை வேகம் கூடினால் திரையில் நடப்பவர்கள் எல்லாம் ஓட ஆரம்பித்துவிடுவார்கள்.