ரவுண்ட்ஸில் டாக்டரிடம் "கை கழுவுங்க" என்று எப்படிச் சொல்வது?

கேள்வி: அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சர்ஜரி வார்டு இன்சார்ஜாகி நான்கு மாதம் ஆகிறது. ரவுண்ட்ஸில் ஒரு நோயாளியின் காயக் கட்டைத் தொட்ட கையோடு டாக்டர்கள் அடுத்த படுக்கைக்குப் போகிறார்கள். ஒருமுறை சொன்னேன், யூனிட் தலைமை டாக்டரான சீஃப் முகமே மாறிவிட்டது. அதிலிருந்து சீனியர் நர்ஸ்களும் என் பேச்சைக் காதில் வாங்குவதில்லை. தலைமைப் பண்புப் பயிற்சி ஏதும் போகலாமா?

பதில்: பயிற்சி கிடைத்தால் போங்கள் சிஸ்டர், இந்த விஷயம் அதுவரை காத்திருக்க வேண்டாம். நீங்கள் சொன்னது சரி, சொன்ன இடம்தான் தப்பு. நோயாளி, அட்டெண்டர், ஹவுஸ் சர்ஜன் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது சொன்னால் எந்த சீஃப்புக்கும் முதலில் மானம்தான் ஞாபகம் வரும், கிருமி அப்புறம்தான்.

1847-ல் வியன்னா பொது மருத்துவமனையில் செம்மல்வைஸ் என்ற டாக்டர், பிணவறையிலிருந்து நேரே பிரசவ வார்டுக்கு வரும் டாக்டர்களைக் குளோரின் கரைசலில் கை கழுவ வைத்தார். ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த தாய்மார் இறப்பு ஜூனில் 2 சதவீதத்துக்கு வந்தது. இவ்வளவு கையில் இருந்தும் அதை முழுசாக எழுதிப் புத்தகமாக்க அவருக்கு 1861 ஆகிவிட்டது, அப்புறம் எதிர்த்தவர்களைக் கொலைகாரர்கள் என்று பகிரங்கக் கடிதம் வேறு. யார் கேட்பார்கள்?

அதனால் முதலில் எண்ணுங்கள். ஒரு வாரம், யார் பெயரும் எழுதாமல், கை சுத்தம் செய்ய வேண்டிய தடவை எத்தனை, செய்தது எத்தனை. நர்ஸ்களிடமிருந்தே ஆரம்பியுங்கள், அதுவும் முறைத்துக்கொண்டிருக்கும் சீனியரிடமே "அக்கா, கணக்கை நீங்க எடுங்க" என்று கொடுத்துவிடுங்கள். அந்தத் தாளோடு, ரவுண்ட்ஸ் முடிந்து சீஃப் தனியாக இருக்கும்போது போய், "சார், நம்ம யூனிட்டில் தையல் போட்ட இடம் சீழ் பிடிக்கிறதைக் குறைக்கப் பார்க்கிறேன், நாளைக்கு ரவுண்ட்ஸில் ஹேண்ட் ரப் பாட்டிலோடு நானே கூட வரட்டுமா?" என்று கேளுங்கள் (தண்ணீர் இல்லாமல் கையில் தேய்க்கும் ஆல்கஹால் கரைசல்தான் ஹேண்ட் ரப்). வேண்டாம் என்று சொல்ல அவருக்குக் காரணமே இருக்காது.

பாட்டிலை நீட்டுவது கௌரவக் குறைச்சல் என்று சிலர் நினைப்பார்கள், நினைக்கட்டும். சோப்பு போட்டுக் கழுவ 40 முதல் 60 விநாடி, அதுவும் சிங்க் வார்டின் கோடியில். ரப்புக்கு 20 முதல் 30 விநாடி, நடந்துகொண்டே தேய்த்துவிடலாம். கையில் ரத்தமோ அழுக்கோ தெரிந்தால் சோப்பு தண்ணீர்தான்.

சீஃப் சம்மதித்த பிறகும் பி.ஜி.க்கள் (மேற்படிப்பு படிக்கும் டாக்டர்கள்) டிமிக்கி கொடுப்பார்கள். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 2001-ல் டாக்டர் பீட்டர் ப்ரோனோவோஸ்ட் இதற்கு ஒரு வழி செய்தார்: ஐ.சி.யூ.வில் சென்ட்ரல் லைன் (பெரிய ரத்த நாளத்தில் செருகும் குழாய்) போடும்போது டாக்டர் ஒரு படியை விட்டால் நிறுத்தச் சொல்லும் அதிகாரத்தை நிர்வாகமே நர்ஸுக்குக் கொடுத்தது. ஒரு மாதக் கணக்கு சேர்ந்ததும் நீங்களும் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழு வழியாக டீன் கையெழுத்தோடு ஒரு சுற்றறிக்கை வாங்கப் பாருங்கள். சீஃப்பிடம் பேசுவதற்கு முன்னால் மட்டும் அங்கே போய்விடாதீர்கள், மேலே புகார் செய்ததாகிவிடும்.