இரண்டு நாட்டுத் தொப்பி, ஒரே தோள்: பாய்ட் ரான்கின் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி (திருநெல்வேலி வாசகர்): அயர்லாந்துக்கு முதல் டெஸ்ட் விக்கெட் எடுத்துத் தந்த பாய்ட் ரான்கின், அதற்கு முன்பே இங்கிலாந்துக்கும் டெஸ்ட் ஆடியவராமே? அவர் உண்மையில் எந்த நாட்டுக்காரர்?

பதில்: ஆடியவர்தான். ரான்கின் 1984-ல் வட அயர்லாந்தின் லண்டன்டெரியில் பிறந்தவர். டைரோன் மாவட்டத்து பிரெடி கிளப்பில் ஆடி வளர்ந்தவர். வட அயர்லாந்து பிரிட்டனின் ஆட்சிக்கு உட்பட்ட பகுதி. ஆனால் கிரிக்கெட்டில் அந்த எல்லைக்கோடு கிடையாது. வடக்கும் தெற்கும் சேர்ந்து தீவு முழுவதற்கும் ஒரே அணி, அயர்லாந்து. அதனால் பிறப்பால் பிரிட்டிஷ் குடிமகனாகவும், ஆட்டத்தில் அயர்லாந்து வீரராகவும் ஒருவர் இருக்க முடியும். ரான்கின் கதை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

2007 ஜனவரியில் நைரோபியில் பெர்முடாவுக்கு எதிராக அயர்லாந்துக்கு முதல் ஒருநாள் ஆட்டம். அடுத்த இரண்டே மாதத்தில் உலகக் கோப்பை. மார்ச் 17-ம் தேதி, அயர்லாந்துக்காரர்களின் செயின்ட் பேட்ரிக் திருநாள் அன்று, ஜமைக்காவின் சபைனா பார்க்கில் பாகிஸ்தான் 132 ரன்னுக்குச் சுருண்டது. அதில் ரான்கினுக்கு 32 ரன்னுக்கு 3 விக்கெட். அந்த உலகக் கோப்பையில் மட்டும் 12 விக்கெட் எடுத்தார். 2011-ல் பெங்களூருவில் இங்கிலாந்தின் 327 ரன்னை அயர்லாந்து விரட்டிப் பிடித்த நாளிலும் அவர் அணியில் இருந்தார். அப்படிப்பட்டவர் 2012 டி20 உலகக் கோப்பையோடு அயர்லாந்துக்கு விடை சொல்லிவிட்டார். 2013-ல் இங்கிலாந்து அணி, 2014 ஜனவரியில் சிட்னி டெஸ்ட். 2016-ல் மறுபடியும் அயர்லாந்து. 2018 மே மாதம் டப்ளின் அருகே மாலஹைடில், அயர்லாந்தின் முதல் டெஸ்டில், பாகிஸ்தானின் அசார் அலியை ஸ்லிப்பில் பிடிகொடுக்க வைத்து அந்த முதல் விக்கெட்டை எடுத்தார். இரண்டு நாடுகளுக்கு டெஸ்ட் ஆடிய 15-வது வீரர் அவர்.

கேள்வி (சேலம் வாசகர்): வளர்த்துவிட்ட அணியைப் பாதியில் விட்டுப் போனது துரோகம் இல்லையா?

பதில்: இல்லை என்றே நாங்கள் உறுதியாக நினைக்கிறோம். 2012-ல் அயர்லாந்துக்கு டெஸ்ட் தகுதி கிடையாது. அது கிடைத்தது 2017 ஜூன் 22-ல், ஆப்கானிஸ்தானோடு சேர்த்து. 28 வயது வேகப்பந்து வீச்சாளரிடம் "ஐந்து வருடம் பொறு" என்று சொல்ல முடியாது. என்றைக்குக் கிடைக்கும் என்றே அப்போது யாருக்கும் தெரியாது. வேகப்பந்து வீச்சாளரின் உச்ச காலம் பெரும்பாலும் 26-க்கும் 32-க்கும் நடுவில் முடிந்துவிடுகிறது.

உடல் கணக்கு ஒன்றும் இருந்தது. அவர் இங்கிலாந்தின் உள்நாட்டு அணியான வார்விக்‌ஷயருக்கு முழுப் பருவமும் வீசிவிட்டு, நடுநடுவே அயர்லாந்துக்கும் ஓட வேண்டியிருந்தது. 2012-ல் வார்விக்‌ஷயர் உள்நாட்டுப் போட்டியான கவுண்டி சாம்பியன்ஷிப்பை வென்றபோது அவர் அந்த அணியில் இருந்தார். பேட்ஸ்மேன் ஒருவர் அப்படி இரண்டு இடத்திலும் காலம் தள்ளிவிடலாம். இரண்டு மீட்டரைத் தாண்டிய உயரத்தோடு (6 அடி 8 அங்குலம்) முன்கால் ஊன்றி வீசுகிறவருக்கு ஒவ்வொரு ஓவரும் முதுகிலும் முழங்காலிலும் கடனாக ஏறும்.

ஆனால் அயர்லாந்து ரசிகர்களின் வலியையும் சொல்ல வேண்டும். 2013 செப்டம்பர் 3, மாலஹைடு. இங்கிலாந்து சட்டையில் ரான்கினின் முதல் ஒருநாள் ஆட்டமே அயர்லாந்துக்கு எதிராகத்தான். 46 ரன் கொடுத்து 4 விக்கெட். இங்கிலாந்துக்குத் தலைமை தாங்கி 124 ரன் அடித்து அவுட் ஆகாமல் நின்ற இயன் மோர்கனோ டப்ளினில் பிறந்தவர். சொந்த மண்ணில் சொந்தப் பிள்ளைகள் இருவரிடம் தோற்ற அந்த மாலையை அங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். குறையைத் தனிமனிதர் மேல் சுமத்தாமல், நல்ல வீரர்கள் இருந்தும் ஒரு அணியை டெஸ்டுக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்த ஏற்பாட்டின் மேல் சுமத்துவதே நியாயம்.

கேள்வி (கோவை வாசகர்): இங்கிலாந்துக்கு ஒரே ஒரு டெஸ்டோடு ஏன் முடிந்தது? சிட்னியில் என்ன தவறு நடந்தது?

பதில்: 2013-14 ஆஷஸுக்கு (ஆஸ்திரேலியாவுடனான டெஸ்ட் தொடர்) இங்கிலாந்து ஒரு கணக்குப் போட்டது. ஆஸ்திரேலியாவின் கடினமான பிட்ச்களில் உயரமானவர்கள் பந்தை எழுப்புவார்கள் என்று கிறிஸ் ட்ரெம்லெட், ஸ்டீவன் ஃபின், ரான்கின் என மூன்று நெடியவர்களை அழைத்துப் போனது. ட்ரெம்லெட் பிரிஸ்பேனில் மட்டும் ஆடினார். ஃபின் ஒரு டெஸ்டிலும் ஆடவில்லை. ரான்கினுக்கு வாய்ப்பு வந்தது ஆஸ்திரேலியா 4-0 என்று தொடரை வென்றுவிட்ட பிறகு, கடைசி டெஸ்டில். நெட்டில் (பயிற்சி வலையில்) வீசுவதும் ஆட்டத்தில் வீசுவதும் வேறு. வாரக்கணக்கில் ஆட்டமே இல்லாமல் உட்கார்ந்திருந்த வேகப்பந்து வீச்சாளரை நேரே டெஸ்டில் இறக்கினால் தசைகள் ஒத்துழைக்காது. தசைப்பிடிப்போடு அவர் ஓவரின் நடுவிலேயே மைதானத்தை விட்டு வெளியேறினார். முதல் இன்னிங்ஸில் 8.2 ஓவர், 34 ரன், விக்கெட் இல்லை. இரண்டாவதில் கடைசியாக பீட்டர் சிடில். இங்கிலாந்துக்கு அவர் எடுத்த ஒரே டெஸ்ட் விக்கெட் அது.

பந்தும் ஒரு காரணம். இங்கிலாந்தில் ட்யூக்ஸ் பந்து. அதன் தையல் முழுக்கக் கையால் போட்டது, நெடுநேரம் புடைத்தே இருக்கும். ஆஸ்திரேலியாவில் கூக்கபுரா. அதன் வெளித்தையல் இயந்திரத்தில் போட்டது, 15, 20 ஓவரில் படிந்துவிடும். அதன் பிறகு கவுண்டியில் பழகிய அதே லெங்த்தில் (பந்து குத்தும் தூரத்தில்) வீசினால் பந்து அசையாமல் நேராகப் போகும். பேட்ஸ்மேன் பின்காலில் நின்று வெட்டுவார், அல்லது விட்டுவிடுவார்.

அந்த சிட்னி டெஸ்டில் இங்கிலாந்துக்கு மூன்று புதுமுகங்கள்: ரான்கின், ஸ்காட் போர்த்விக், கேரி பாலன்ஸ். 2023-ல் பாலன்ஸ் ஜிம்பாப்வேக்கு டெஸ்ட் ஆடி, புலவாயோவில் சதமும் அடித்தார். ஒரே டெஸ்டில் ஒரே அணிக்கு அறிமுகமான மூவரில் இருவர் பிறகு வேறு நாட்டுக்கு டெஸ்ட் ஆடினார்கள்!

கேள்வி (யாழ்ப்பாண வாசகர்): ஒரு நாட்டுக்கு ஆடியவர் இன்னொரு நாட்டுக்கு ஆட என்ன விதி?

பதில்: ஐசிசி விதிப்படி மூன்று வழிகளில் ஏதாவது ஒன்று வேண்டும்: அந்த நாட்டில் பிறந்திருக்க வேண்டும், அல்லது அந்த நாட்டுக் குடியுரிமை இருக்க வேண்டும், அல்லது கடைசி மூன்று ஆண்டுகள் அங்கேயே வசித்திருக்க வேண்டும். இதற்கு மேல் காத்திருப்புக் காலம் ஒன்று உண்டு. முழு உறுப்பு நாட்டுக்கு (டெஸ்ட் தகுதி உள்ள நாடு) ஆடியவர், கடைசி ஆட்டத்திலிருந்து மூன்று ஆண்டுகள் கழித்தே வேறு நாட்டுக்கு ஆடலாம். டெஸ்ட் தகுதி இல்லாத இணை உறுப்பு நாட்டிலிருந்து முழு உறுப்பு நாட்டுக்குப் போக இந்தத் தடை இல்லை. அயர்லாந்து இணை உறுப்பு நாடாக இருந்த காலத்தில் ரான்கின் இங்கிலாந்துக்கு உடனே போக முடிந்தது அதனால்தான். திரும்பி வரும்போதோ சிட்னிக்குப் பின் இரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன; இணை உறுப்பு நாட்டுக்குத் திரும்ப அன்றைய விதிப்படி அதுவே போதும்.

காலத்தைக் கணக்கிடும்போது பலர் செய்யும் பிழை, ஓய்வு அறிவித்த நாளிலிருந்து எண்ணுவது. கடைசியாக ஆடிய ஆட்டத்தின் நாள்தான் கணக்கு.

கேள்வி (ஈரோடு வாசகர்): என் மகனுக்கு 16 வயது, 6 அடி 3 அங்குலம். பந்து நன்றாக எழுகிறது, விக்கெட் மட்டும் விழவில்லை. ரான்கின் மாதிரி உயரமானவர்கள் எப்படி வீச வேண்டும்?

பதில்: அறிகுறியைப் பார்த்தால், லெங்த் குறைவாக விழுகிறது என்றே தோன்றுகிறது. கை உயரத்தில் பந்தை விடுகிறவருக்குப் பந்து செங்குத்தாக இறங்கி, செங்குத்தாகவே எழும். சராசரி உயரக்காரர் குத்தினால் ஸ்டம்ப் உச்சியைத் தொடும் இடத்தில் நெடியவர் குத்தினால், பந்து ஸ்டம்புக்கு ஒரு சாண் மேலே போய்விடும். பார்க்க அழகாக இருக்கும், பேட்ஸ்மேனுக்கு ஆபத்து இல்லை.

அவருடைய லெங்த்தை அளந்து கண்டுபிடியுங்கள். பேட்ஸ்மேன் இல்லாத பிட்சில், ஸ்டம்பிலிருந்து 5, 6, 7, 8 மீட்டரில் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். முழு வேகத்தில் 24 பந்து வீசட்டும். ஒவ்வொன்றும் எந்தக் கோட்டுக்கு அருகே குத்தியது, ஸ்டம்பில் பட்டதா, மேலே போனதா என்று ஒருவர் பக்கத்தில் நின்று எழுத வேண்டும். ஸ்டம்பின் மேல் பாதியில் படும் பந்துகள் எந்தக் கோட்டில் குத்துகின்றனவோ, அதுதான் அவருடைய இடம். பிட்ச் மாறினால் மறுபடி அளக்க வேண்டும். சிமெண்ட் பிட்சில் எடுத்த அளவு புல்தரையில் உதவாது. ரான்கினும் சிறப்பாக வீசிய நாட்களில் பந்தைச் சற்று முன்னால் போட்டு, அந்த எழுச்சியோடு ஆஃப் ஸ்டம்பைக் கேள்வி கேட்டவர். 

முதுகை அதைவிட முக்கியமாகக் கவனியுங்கள். பின்கால் ஊன்றும்போது இடுப்பு ஒரு திசையிலும் தோள் வேறு திசையிலும் இருந்தால், வீசும் நேரத்தில் உடல் முறுக்கிக்கொள்ளும். வளரும் பையன்களுக்கு கீழ் முதுகெலும்பில், வீசும் கைக்கு எதிர்ப்பக்கம், மெல்லிய எலும்பு முறிவு வருவதற்கு இதுவும் அதிக ஓவரும் சேர்ந்தே காரணம். பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் கைபேசியில் படம் எடுத்து, பின்கால் ஊன்றும் கணத்தை நிறுத்திப் பாருங்கள். இங்கிலாந்து வாரியம் 16, 17 வயதுக்குட்பட்டோர் பிரிவுகளுக்கு வைத்திருக்கும் எல்லை, ஒரு ஸ்பெல்லுக்கு (இடைவிடாமல் வீசும் ஒரு தொடர்ச்சிக்கு) 7 ஓவர், நாளுக்கு 18 ஓவர். 14, 15 வயதுக்குட்பட்டோருக்கு 6, 12. தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் வீசக் கூடாது, வாரத்தில் நான்கு நாள் போதும். நெட்டில் வீசுவதையும் கணக்கில் எடுங்கள். பள்ளி, கிளப், அகாடமி மூன்றிலும் வீசுகிற பையனின் ஓவரை யாருமே மொத்தமாக எண்ணுவதில்லை. அந்த நோட்டு உங்கள் வீட்டில் இருக்கட்டும். ஒரு பக்கம் மட்டும் கீழ் முதுகு வலித்து, பின்னால் வளைந்தால் வலி கூடினால், பந்தை வாங்கி வைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். தைலம் தேய்த்து ஆட விடாதீர்கள்.

கேள்வி (புதுச்சேரி வாசகர்): சௌரப் நேத்ராவல்கரும் இந்தப் பட்டியலில் வருவாரா?

பதில்: வரமாட்டார். 2010-ல் இந்தியாவுக்கு 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை ஆடினார். மூத்தோர் அணியில் அமெரிக்காவுக்கு மட்டும்தான்.

கேள்வி (சென்னை வாசகர்): ரான்கினைப் போல வேறு வேகப்பந்து வீச்சாளர்கள் உண்டா?

பதில்: எண்ணிக்கையில் ஜே.ஜே. ஃபெரிஸை மிஞ்ச ஆள் இல்லை. இடக்கை மிதவேகம். ஆஸ்திரேலியாவுக்கு 8 டெஸ்டில் 48 விக்கெட். இங்கிலாந்துக்கு ஆடிய ஒரே டெஸ்டில், 1892-ல் கேப் டவுனில், 13 விக்கெட். நம் காலத்தில் டர்க் நேனஸ்: 2009-ல் லார்ட்ஸில் இங்கிலாந்தை வீழ்த்திய நெதர்லாந்து அணியில் இருந்தார், அதே ஆண்டு ஆஸ்திரேலியாவுக்கு ஆடினார், 2010 டி20 உலகக் கோப்பையில் 14 விக்கெட்டோடு முதலிடம். சென்னை சூப்பர் கிங்ஸ் அணியிலும் இருந்தவர். டேவிட் வீஸ தென்னாப்பிரிக்காவுக்குப் பிறகு நமீபியாவுக்கு ஆடினார். 2024-ல் ஓமனுக்கு எதிரான சூப்பர் ஓவரில் அவரே அடித்து, அவரே வீசி வென்றார்.

சேப்பாக்கத்துக்கு நேரடியாகத் தொடர்புள்ளவர் அமீர் இலாஹி. மிதவேகத்தில் தொடங்கி லெக் ஸ்பின்னுக்கு மாறியவர். 1947-ல் இந்தியாவுக்கு ஒரு டெஸ்ட், 1952-ல் பாகிஸ்தானுக்கு ஐந்து. சென்னை டெஸ்டில் 44 வயதில் கடைசி ஆளாக இறங்கி 47 ரன் அடித்து, சுல்பிகர் அகமதுவுடன் கடைசி விக்கெட்டுக்கு 104 ரன் சேர்த்தார்.

கேள்வி (தஞ்சாவூர் வாசகர்): ரான்கினின் மொத்தக் கணக்கு என்ன? இரண்டு நாட்டு ஆட்டங்களையும் சேர்த்தா எண்ணுவார்கள்?

பதில்: வீரர் பெயரில் சேர்த்தும், நாட்டு வாரியாகப் பிரித்தும் வைப்பார்கள். ஒருநாள் ஆட்டம் 75, விக்கெட் 106. இதில் அயர்லாந்துக்கு 68 ஆட்டம், 96 விக்கெட். டெஸ்ட் 3, விக்கெட் 8. அதில் 7 அயர்லாந்துக்கு. அந்த ஏழில் நான்கு 2019 ஜூலையில் லார்ட்ஸில், இங்கிலாந்துக்கு எதிராக. முதல் இன்னிங்ஸில் இங்கிலாந்து 85-க்குச் சுருண்டபோது அவர் 5 ரன்னுக்கு 2 விக்கெட் எடுத்தார். கடைசி இன்னிங்ஸில் அயர்லாந்து 38-ல் சுருண்டு தோற்றது வேறு கதை. 2021 மே மாதம் ஓய்வு பெற்றார், அயர்லாந்து வீரராக.