கேளுங்கோ, சொல்லுறன்: கொத்தார்டுக்குச் சைக்கிள்

கேள்வி: சுவிஸ், பேர்னில் இருக்கிற தம்பி ஆவணியில் கொத்தார்ட் கணவாய்க்குச் சைக்கிளில் ஏற வரச்சொல்லுறான். நான் தினமும் கோப்பாயிலிருந்து யாழ்ப்பாணம் சைக்கிளில் போய்வாறனான். வயது 46. ஏலுமோ?
– வாசகர், கோப்பாய்

பதில்: ஏலும். ஆனால் எங்கட ஊரில் கீரிமலையே பேருக்குத்தான் மலை! ஏற்றம் தொடங்கிற அடிவார ஊர் ஐரோலோ 1175 மீற்றர், கணவாய் 2106 மீற்றர், நுவரெலியாவை விட உயரம். பழைய திரெமோலா வீதியில் ஏறக்குறைய 13 கிலோமீற்றர், இறக்கமே இல்லாத ஏற்றம். மேல்பகுதி கருங்கல் பாவினது. 24 கொண்டைஊசி வளைவு. நான் ஏறேக்கை ஹாண்டில் நடுங்கி, போத்தில் கூட்டிலிருந்து துள்ளி விழுந்திட்டுது. அதை எடுக்க இறங்கினன். அந்தச் சரிவில் திரும்ப ஏறி மிதிக்கேலாமல் அடுத்த வளைவு மட்டும் உருட்டினதுதான். இதை உங்கட தம்பிக்குச் சொல்லிப்போடாதேங்கோ.

ஊர் லுமாலா சைக்கிளில் பழகின கால் எண்டு வேகமாய்த் தொடங்காதேங்கோ. பின்சில்லின் பெரிய பல்லுச்சக்கரத்தில் 34 பல்லு இருக்கிற சைக்கிளாய்க் கேளுங்கோ. ரயர் 28 மில்லிமீற்றருக்குக் குறையாமல், காத்தைக் கொஞ்சம் குறைச்சு. சாப்பாட்டுக்கு வாழைப்பழம் போதும்.

ஏற்றத்தை விட இறக்கம்தான் பொல்லாதது. வேர்வை காயமுதல் குளிர் பிடிக்கும், பிறேக் பிடிக்க விரல் மடங்காது. ஆவணி எண்டாலும் கையுறையும் காத்துச்சட்டையும் பையில் இருக்கட்டும்.